பூனைக்குட்டியை வதைத்த பையன் நாளைக்குக் கொலைகாரன் ஆவானா?

தாய்மாமன் ஒருவரின் கேள்வி இது: "அக்கா மகனுக்கு 10 வயது. போன மாதம் ஒரு பூனைக்குட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. முன்பே அணில், நாய்க்குட்டி என்று எதையாவது அடிப்பான் என்கிறார்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். தொடர்கொலை செய்தவர்கள் எல்லாரும் சிறு வயதில் இப்படித்தான் தொடங்கினார்கள் என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. அது உண்மையா? அவனை என்ன செய்வது?"

தொடர்பு உண்டு. ஆனால் நீங்கள் படித்த விதத்தில் இல்லை. பூனைக்குட்டியை அமுக்கிய கை நாளைக்கு மனிதனைக் கொல்லும் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. அந்தக் கைக்குரிய பையனை இன்றைக்கு யாரோ துன்புறுத்திக்கொண்டிருக்கலாம் என்பதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. அதனால் அவசரம் உண்டு. பயப்பட வேண்டிய இடம்தான் வேறு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாலே பாதித் தூக்கம் திரும்பிவிடும். 1751-இல் லண்டனில் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 'கொடூரத்தின் நான்கு படிகள்' என்று நான்கு அச்சுப்படங்களை வெளியிட்டார். முதல் படத்தில் டாம் நீரோ என்ற சிறுவன் தெருவில் ஒரு நாயை வதைக்கிறான். இரண்டாவதில் வளர்ந்து, விழுந்து கிடக்கும் வண்டிக் குதிரையை அடிக்கிறான். மூன்றாவதில் தன்னை நம்பிய பெண்ணைக் கொன்று பிடிபடுகிறான். நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடலை மருத்துவர்கள் அறுக்கிறார்கள். ஏணியில் ஏறுவது போல ஒவ்வொரு படியாக. இன்று செய்தித்தாளிலும் யூடியூபிலும் பேசப்படுவது இதே ஏணிதான்.

அந்த ஏணிக்கு மருத்துவப் பெயர் கிடைத்தது 1963-இல். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், "கொன்றுவிடுவேன்" என்று மிரட்டியதற்காக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 100 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் பிறர் துன்பத்தில் மிகவும் இன்பம் காண்பவர்களிடம் மூன்று விஷயங்கள் அடிக்கடி தென்பட்டன என்றார்: சிறு வயதில் விலங்குகளை வதைத்தது, தீ வைத்தது, வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் கழித்தது. அது அனுபவத்தில் தோன்றிய ஒரு கருத்து. சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு எதுவும் அதில் இல்லை. 1966-இல் ஹெல்மன், பிளாக்மன் என்ற இருவர் 84 கைதிகளை ஆராய்ந்தார்கள். கொடிய வன்முறைக் குற்றம் சாட்டப்பட்ட 31 பேரில் 23 பேரிடம் இந்த மூன்றும் அல்லது சிலவும் இருந்தன, மற்ற 53 பேரில் 15 பேரிடம்தான் இருந்தன என்றார்கள். அதோடு இது பாடப்புத்தகம் ஏறிவிட்டது. 1968-இல் மெக்டொனால்டே மறுபடி சோதித்துப் பார்த்தபோது நம்பத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அவர் பெயரில் அந்த மூன்று குணங்களைச் சொல்கிறவர்களில் பலருக்கு இந்தப் பின்கதை தெரியாது.

இந்தத் தவறான நம்பிக்கையால் நேரடியாக அடிபடுவது பாயை நனைக்கும் பிள்ளைகள்தான். 5 வயதில் ஏறத்தாழ 100-க்கு 15 பிள்ளைகள் தூக்கத்தில் சிறுநீர் கழிக்கிறார்கள். 10 வயதில் 100-க்கு 5 பேர். சிறுநீர்ப்பை முதிரத் தாமதமாவது, எழுப்ப முடியாத ஆழ்ந்த தூக்கம், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறு வயதில் இருந்தது, மலச்சிக்கல் இவைதாம் வழக்கமான காரணங்கள். கொலைக் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மருமகனுக்கு இந்தத் தொந்தரவும் இருந்தால் அதைக் குற்றப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஆனால் பல மாதம் காய்ந்திருந்த படுக்கை திடீரென்று மறுபடி நனையத் தொடங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், கடுமையான மன உளைச்சல் மூன்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அடுத்து, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., சிறையிலிருந்த 36 பாலியல் கொலைகாரர்களைப் பேட்டி கண்ட ஆய்வு 1988-இல் வெளியானது. சிறு வயதில் விலங்குகளை வதைத்தவர்கள் 36 சதவீதம், பதின்ம வயதில் வதைத்தவர்கள் 46 சதவீதம். எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அப்படிப்பட்ட கொலைகாரர்களிலேயே பாதிக்கு மேல் பதின்ம வயதில் அதைச் செய்ததாகப் பதிவாகவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. பேச ஒப்புக்கொண்டவர்களை மட்டுமே கேட்டார்கள், ஒப்பிட வேறு குழு கிடையாது. இணையத்தில் சுற்றும் பெயர்ப்பட்டியல்களும் கவனமாகத் தொகுக்கப்பட்டவை அல்ல. எல்லாப் பட்டியலிலும் முதலில் வருகிற அமெரிக்கத் தொடர்கொலையாளி ஜெஃப்ரி டாமர் சிறுவனாக இருந்தபோது பெரும்பாலும் செய்தது, சாலையில் வண்டி மோதிச் செத்துக் கிடந்த விலங்குகளை எடுத்து வந்து அறுத்து எலும்பைச் சேர்த்தது. வினோதமான ஈடுபாடுதான், ஆனால் உயிருள்ள ஒன்றைத் துடிக்க விடுவது வேறு.

பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜப்பானின் கோபே நகரில் 1997-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு குழந்தைகளைக் கொன்றான். அதற்கு முன் அவன் பூனைகளைக் கொன்று வெட்டியிருந்தான். அதே ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்திய 16 வயதுப் பையன், சில மாதம் முன்பு தன் வீட்டு நாயை வதைத்துக் கொன்றதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தான். இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேள்வி என்னவென்றால், இவர்களைப் பார்த்து உங்கள் மருமகனைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம் என்பது.

அதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். விளக்கத்துக்காக மட்டும் நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. 10,000 சிறுவர்கள். அவர்களில் 2,000 பேர் ஒரு முறையாவது விலங்கைத் துன்புறுத்தியவர்கள். வளர்ந்த பிறகு மொத்தத்தில் 50 பேர் கொடிய வன்முறையில் இறங்குகிறார்கள். அந்த 50-இல் 30 பேர் அந்த 2,000-த்தைச் சேர்ந்தவர்கள். இப்போது சிறையிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்: வன்முறையாளர்களில் 60 சதவீதம் பேர் விலங்கை வதைத்தவர்கள். திண்ணையிலிருந்து முன்னோக்கிப் பாருங்கள்: விலங்கை வதைத்த 2,000 பேரில் 30 பேர், அதாவது ஒன்றரை சதவீதம்தான் வன்முறையாளர் ஆனார்கள். 1,970 பேர் ஆகவில்லை. மீதி 8,000 சிறுவர்களில் 20 பேர், அதாவது கால் சதவீதம். ஆகவே வதைத்தவனுக்கு ஆபத்து ஆறு மடங்கு. மூன்று வாக்கியமும் ஒரே நேரத்தில் சரிதான். செய்தியில் வருவது முதலாவதும் கடைசியும். மாமனுக்குத் தேவைப்படுவது நடுவில் இருப்பது.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தை மனநல மையத்துக்குக் கொண்டுவரப்பட்ட 524 பிள்ளைகளை 30 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து, 1966-இல் முடிவைச் சொன்னார். சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்கள் ஏறத்தாழ எல்லாருமே சிறு வயதில் அடங்காதவர்கள். ஆனால் அடங்காத பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட பெரியவர்களாக வளரவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் வழி ஒன்றுதான் தெரியும். முன்னாலிருந்து பார்த்தால் பல கிளை பிரியும்.

ஏணி என்ற கருத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு 1999-இல் வந்தது. ஆர்னால்ட் ஆர்லுக், ஜாக் லெவின் ஆகியோர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விலங்கு வதைக்காக வழக்குத் தொடரப்பட்ட 153 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே தெருவில் வாழும், அதே வயதுள்ள 153 பேரோடு ஒப்பிட்டார்கள். வதைத்தவர்களில் 37 சதவீதம் பேர் மீது மனிதருக்கு எதிரான வன்முறை வழக்கு இருந்தது, அண்டை வீட்டாரில் 7 சதவீதம்தான். ஐந்து மடங்கு என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அதே ஆய்வில், வதைத்தவர்களிடம் திருட்டு, போதைப்பொருள், பொது இடத்து ரகளை வழக்குகளும் மூன்று நான்கு மடங்கு இருந்தன. அதைவிட முக்கியம் காலவரிசை. விலங்கு வதை வன்முறைக்கு முன்னால் வந்தது போலவே பின்னாலும் வந்தது. ஏணியின் முதல் படி என்றால் எப்போதும் முதலில் வர வேண்டாமா? 2013-இல் கிளென் வால்டர்ஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விலங்கு வதைக்கு வன்முறைக் குற்றத்தோடு இருந்த தொடர்பு, வன்முறையில்லாத குற்றங்களோடு இருந்த தொடர்பைவிடக் குறிப்பாக வலுவாக இல்லை. மனநல மருத்துவமும் இதே வழியில்தான் பார்க்கிறது. 1987 முதல் அமெரிக்க நோய் வகைப்பாட்டு நூலில் விலங்கை வதைப்பது 'நடத்தைக் கோளாறு' என்பதன் அறிகுறிகளுள் ஒன்று. இன்றைய பதிப்பில் மொத்தம் 15 அறிகுறிகள். கடந்த 12 மாதத்தில் குறைந்தது மூன்றும், அவற்றில் ஒன்றாவது கடந்த 6 மாதத்திலும் இருந்தால்தான் அந்தப் பெயரையே வைக்கலாம். ஒரு பூனைக்குட்டியை வைத்து வைக்க முடியாது.

அப்படியானால் அந்தச் செயல் எதைக் காட்டுகிறது?

மறுபடி டென்வருக்குப் போக வேண்டும். மெக்டொனால்டின் கட்டுரைக்கு ஓராண்டு முன்பு, 1962-இல், அதே நகரத்தில், அதே கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவர் வேறொரு கட்டுரை வெளியிட்டிருந்தார். 'விழுந்துவிட்டான்' என்று பெற்றோர் தூக்கிவரும் குழந்தைகளின் எக்ஸ்-ரேயில் பழைய முறிவும் புதிய முறிவும் கலந்து தெரிவதை, வீட்டிலேயே அடித்து நொறுக்கப்படுவதன் அடையாளம் என்று மருத்துவ உலகுக்குச் சொன்ன கட்டுரை அது. ஒரே ஊரில் இரண்டு பேர். ஒருவர் பிள்ளைக்கு என்ன செய்யப்படுகிறது என்று பார்த்தார். மற்றவர் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தார். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு ஜன்னல்கள் என்பது புரியப் பல ஆண்டுகள் ஆயின.

1983-இல் நியூ ஜெர்சியில், குழந்தைக் கொடுமை உறுதிப்பட்ட, வளர்ப்பு விலங்கும் இருந்த 53 குடும்பங்களைப் பார்த்தார்கள். 60 சதவீத வீடுகளில் விலங்கும் வதைபட்டிருந்தது. பிள்ளைகளை உடல்ரீதியாக அடித்த வீடுகளை மட்டும் எடுத்தால் 88 சதவீதம். 1998-இல் யூட்டா மாநிலத்தில் ஃபிராங்க் அசியோன், கணவரின் அடிக்குப் பயந்து காப்பகம் வந்த பெண்களைக் கேட்டார். விலங்கு வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேர், அதையும் அவர் அடித்தார், கொன்றார் அல்லது கொல்வேன் என்று மிரட்டினார் என்றார்கள். பிள்ளைகள் உள்ள தாய்மாரில் 32 சதவீதம் பேர், பிள்ளையும் விலங்கைத் துன்புறுத்தியது என்றார்கள். 1999-இல் கிளிஃப்டன் ஃபிளின் 267 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், விலங்கை வதைத்த ஆண்கள் சிறு வயதில் தங்கள் அப்பாவிடம் மற்றவர்களைவிட அதிகம் அடி வாங்கியவர்கள். இதே ஆய்வில் ஆண்களில் மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வதையை ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 43,093 அமெரிக்கர்களிடம் 'வேண்டுமென்றே ஒரு விலங்கிடம் கொடுமையாக நடந்திருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கேட்ட இன்னொரு ஆய்வில் ஆம் என்றவர்கள் 1.8 சதவீதம்தான். எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறும். 'இத்தனை சதவீதப் பிள்ளைகள்' என்று யாராவது ஒரே எண்ணை அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பார்கள் நம் ஊரில். இந்த விஷயத்தில் அது நேர் எதிர். இந்தப் பிள்ளைக்கு அடி உதவாது, தாய்மாமன் உதவலாம்.

இனி உங்கள் மருமகன் எந்த வகை என்பது. ஓணானைக் கல்லால் அடிப்பது, தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டுவது, கவட்டையால் குருவி அடிப்பது எல்லாம் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் கூட்டமாகச் செய்யப்பட்டவை. அது சரியென்று நான் சொல்லவில்லை, அந்த ஓணானுக்கு வலித்தது வலித்ததுதான். ஆனால் அப்படிச் செய்த பிள்ளையின் மனதைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டாளிகள் செய்கிறார்கள், யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான். அதேபோல 3, 4 வயதுக் குழந்தை பூனையை வாலைப் பிடித்துத் தூக்குவது ஆராய்ச்சி. வலிக்கும் என்று காட்டி, மெதுவாகத் தடவச் சொல்லிக்கொடுத்தால் நின்றுவிடும்.

எடை கூடுவது இந்த இடங்களில். 6, 7 வயதுக்கு மேல், வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்தும் செய்வது. பூச்சி, ஓணானை விட்டு நாய், பூனை போல முகம் பார்க்கிற, கத்தி வலியைச் சொல்கிற உயிர்களைத் தேர்ந்தெடுப்பது. தூரத்திலிருந்து கல் எறிவதைவிடக் கையால் பிடித்து, அது துடிப்பதை உணர்ந்துகொண்டே செய்வது. தனியாக, மறைவாக, முன்கூட்டி ஏற்பாடு செய்வது. கண்டித்த பிறகும் தொடர்வது. தனக்குப் பிரியமான விலங்கையே, அல்லது தம்பி தங்கைக்குப் பிரியமானதை அவர்களை அழவைக்கவே வதைப்பது. செய்யும்போது கோபமோ பயமோ இல்லாமல் அமைதியாக, அல்லது மகிழ்ச்சியாக இருப்பது. போனில் படம் பிடித்து வைப்பது. ஆர்லுக்கும் எரிக் மேட்ஃபிஸும் 2014-இல் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடத்திய 23 பேரின் கடந்த காலத்தைத் துருவியபோது 43 சதவீதம் பேரிடம் விலங்கு வதை இருந்தது. அவர்கள் பெரும்பாலும் நாய், பூனைகளைத்தான், கைக்கெட்டும் தூரத்தில், நேரடியாகவே வதைத்திருந்தார்கள். 'வதைத்தானா இல்லையா' என்பதைவிட 'எதை, எப்படி' என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நீங்கள் சொன்னதில் இரண்டு மூன்று எடை கூடிய அம்சங்கள் இருக்கின்றன: பூனைக்குட்டி, கையால் அமுக்கியது, முதல் முறை அல்ல. எனவே 'பையன்னா அப்படித்தான்' என்று விடக்கூடாது. அதோடு தண்ணீரில் அமுக்குவது என்ற அந்தக் குறிப்பிட்ட செயல் என்னை உறுத்துகிறது. வதைபட்ட பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததையே சிறிய உயிர் ஒன்றின்மேல் திரும்ப நடத்திப் பார்ப்பது குழந்தை மனநல மருத்துவர்கள் அறிந்த ஒன்று. யாராவது அவன் தலையை வாளியிலோ தொட்டியிலோ அமுக்கித் தண்டித்திருக்கிறார்களா, குளத்தில் பெரிய பையன்கள் அமுக்கினார்களா என்பது தெரிய வேண்டும். அது இல்லாமலும் இருக்கலாம். எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் கை நீட்டும் அதிவேகக் கவனக்குறைவுப் பிரச்சினை (ஏ.டி.எச்.டி.), அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசத்தில் பிடியின் அழுத்தம் தெரியாமல் இறுக்குவது, போனில் பார்த்த வீடியோவைச் செய்து பார்ப்பது, நாய் பூனை மேல் உள்ள பயம் இவையும் காரணமாகலாம். காரணத்தைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் மாறும் என்பதால் யூகத்தில் நிற்கக்கூடாது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

இன்றே பார்க்க வேண்டியது அவன் கையும் காலும். பூனையோ நாயோ பிராண்டியிருந்தால், கடித்திருந்தால் அடி விழும் என்று மறைத்திருப்பான். வெறிநாய்க்கடி நோய் பூனைக் கீறலிலும் வரும், வந்தபின் மருந்து கிடையாது. புதுக் கீறல் என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பழையது என்றாலும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கைத்தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில் நான்கு தடவை. 'எதுக்குப் போனே அதுக்கிட்ட' என்ற திட்டு ஊசி முடியும்வரை வேண்டாம். திட்டினால் அடுத்த கடியையும் மறைப்பான்.

பிறகு பேச்சு. "ஏன்டா செஞ்ச?" என்ற கேள்விக்குப் பத்து வயதுப் பிள்ளையிடம் பதில் இருக்காது. பெரியவர்களுக்கே இருக்காது. அது விசாரணை போலக் கேட்கும், வாய் மூடிக்கொள்ளும். நடந்ததை நடந்த வரிசையில் கேளுங்கள்: குட்டியை முதலில் எங்கே பார்த்தாய், அப்புறம் என்ன ஆச்சு, கூட யார் இருந்தார்கள், அது என்ன பண்ணியது, உனக்கு அப்போது எப்படி இருந்தது, இப்படி வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறாயா. நேருக்கு நேர் உட்கார வைக்காமல், நடந்துகொண்டே, அல்லது வண்டி கழுவும்போது, ஏதாவது வேலை செய்துகொண்டே கேட்டால் எளிது. இடையில் மௌனம் வந்தால் நிரப்ப வேண்டாம். பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கவும் கூடாது. "அப்பா இப்படி உன்னை அமுக்கினாரா?" என்று கேட்டால், அவன் தலையாட்டினாலும் அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். "உன்னை யாராவது கஷ்டப்படுத்தினார்களா?" என்று திறந்து கேட்டு நிறுத்துங்கள்.

அவன் எதையாவது சொன்னால், அவன் சொன்ன சொல்லிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அடி, பட்டினி போன்ற கொடுமை என்றால் 1098 குழந்தை உதவி எண். பாலியல் தொல்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது, தெரிந்துகொண்ட உங்கள் கடமை. குடும்ப மானம் என்று மறைப்பது தண்டனைக்குரியது. இலங்கையில் குழந்தைகளுக்கான எண் 1929.

உங்கள் அக்காவிடம் தனியாகப் பேசுங்கள், மச்சானை வைத்துக்கொண்டு வேண்டாம். "நீ நல்லாயிருக்கியா" என்பதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் குடி உண்டா, அவளுக்கு அடி விழுகிறதா, பையன் அதைப் பார்க்கிறானா, யாராவது விலங்கை அடித்து மிரட்டுகிறார்களா என்பது வரை மெதுவாகப் போக வேண்டியிருக்கும். பள்ளியிலும் விசாரியுங்கள்: மற்ற பிள்ளைகளை அடிக்கிறானா, அல்லது அடி வாங்குகிறானா. பலநாள் கொடுமைப்படுத்தப்படும் பிள்ளை தன்னைவிடச் சிறியது ஒன்றைத் தேடிப்போவது மிகச் சாதாரணம்.

மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என்ன செய்தான், எந்த உயிரை, யார் இருந்தார்கள் என்பதோடு, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். அந்தக் கடைசிப் பத்திதான் மருத்துவருக்குத் தங்கம். சண்டை நடந்த மாலைகளில் மட்டும் நடக்கிறது என்றால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி.

செய்யக்கூடாதவற்றில் பெரியது அடி. வலியவன் எளியவனை வலிக்கச் செய்யலாம் என்பதைத்தான் அவன் ஏற்கெனவே நம்புகிறான், அடி அதையே நிரூபித்துக் கொடுக்கும். உறவினர் முன்னால் 'கொலைகாரப் பய' என்று பேர் வைப்பதும் அப்படியே, பத்து வயதில் ஒட்டிய பெயர் உரியாது. இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் நடப்பது: 'பாசம் வரட்டும்' என்று நாய்க்குட்டி வாங்கிக் கொடுப்பது. அது அந்தக் குட்டிக்கு ஆபத்து, அவனுக்கும் சோதனை. சிகிச்சை நிலைபெறும் வரை அந்த வீட்டில் புது விலங்கே கூடாது, அடுத்த வீட்டு விலங்குகளோடு தனியே விடவும் கூடாது.

மருத்துவரைப் பார்க்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் உண்டு. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. மனநலப் பிரிவில் பெற்றோருக்கும் பயிற்சி தருவார்கள், பலர் இதில்தான் பாதியில் நிற்கிறார்கள். 'பையனைச் சரிபண்ணச் சொன்னா என்னைக் கேள்வி கேக்கிறாங்க' என்பார்கள். ஆனால் நடத்தைப் பிரச்சினையில் நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளுள் முதன்மையானது பெற்றோர் பயிற்சிதான்: நல்லதைச் செய்த உடனே கவனித்துச் சொல்வது, அடிக்குப் பதில் குறுகிய, முன்பே சொல்லிவைத்த விளைவு, வீட்டுக்கு ஒரே விதி. பையனுக்குப் பழைய வதையின் காயம் இருந்தால், அதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். நாலாவது அமர்வில் நன்றாகிவிட்டான் என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வதைக்கும் குணத்துக்கென்று மாத்திரை கிடையாது. கவனக்குறைவுப் பிரச்சினை சேர்ந்திருந்தால் அதற்குரிய மருந்து கையின் அவசரத்தைக் குறைக்கும்.

தீ வைத்தால், தம்பி தங்கையின் கழுத்தையோ வாயையோ பொத்திப் பார்த்தால், கத்தியோடு மிரட்டினால், விலங்கிடம் பாலியல் செயல் இருந்தால், வதைப்பதைப் படமெடுத்து ரசித்தால் நோட்டு எழுதிக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மருத்துவமனை. அதுவரை சின்னக் குழந்தைகளோடு தனியே விடாதீர்கள்.

போலீஸ் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். இந்தியாவில் 7 வயதுக்குக் கீழ் எந்தச் செயலும் குற்றமாகாது. 7 முதல் 12 வரை, செய்ததன் விளைவு புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். பெரியவர் ஒருவர் விலங்கைக் கொன்றிருந்தால் அல்லது ஊனப்படுத்தியிருந்தால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதமே அதிகபட்சம் 50 ரூபாய்தான், மாற்றப்பட வேண்டிய எண் அது. ஆனால் பத்து வயதுப் பையனுக்கு இந்த வழி பொருந்தாது. அந்த வீட்டில் ஒரு பெரியவர் விலங்கை வதைக்கிறார் என்று தெரிந்தால், அப்போது புகார் கொடுங்கள். அது விலங்குக்கு மட்டுமான புகாராக இருக்காது.

அந்தப் பூனைக்குட்டி உயிரோடு இருக்கிறதென்றால் முதலில் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் சில நாள் கழித்தும் காய்ச்சல், மூச்சிரைப்பு வரும். பிறகு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வரும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து, தட்டில் பாலுக்குப் பதில் கொஞ்சம் மீனோ வெந்த கோழியோ வைக்கச் சொல்லுங்கள். தூக்க விடாதீர்கள். குட்டி அவனைப் பார்த்து ஒளிந்தால், அது ஏன் ஒளிகிறது என்று அவனே சொல்லும்வரை காத்திருங்கள்.